டிராக்டர் தாண்டிய நெருப்பு

1

நான் வசிக்கும் ஊரின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. ஐரோப்பாவின் வடக்கே, குளிர் அதிகமும் ஆட்கள் குறைவுமான ஒரு சிற்றூர் என்பதோடு விட்டுவிடுகிறேன். எதற்கு இந்த ஒளிவுமறைவு என்று கேட்பீர்கள். பயம்தான். திருச்சி கே.கே. நகரில் இருந்தவரை எனக்கு நாயைக் கண்டால் பயம், கணக்குப் பரீட்சை என்றால் பயம், அவ்வளவுதான். இங்கே வந்தபிறகு அழைப்புமணி, தபால்பெட்டி, பள்ளிக்கூடத்திலிருந்து வரும் குறுஞ்செய்தி என்று பயத்தின் குடும்பம் பெருகிவிட்டது.

தை பிறந்தால் வழி பிறக்கும் என்பார்கள். எங்கள் வீட்டில் இந்தத் தை எப்படிப் பிறந்தது என்று சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் அதைச் சொல்ல வேண்டுமானால் போன இலையுதிர் காலத்திலிருந்து தொடங்க வேண்டும்.

2

என் மகள் கயலுக்கு ஆறு வயது. ஒன்றாம் வகுப்பு. இந்த நாட்டில் அறுவடைத் திருநாள் இலையுதிர் காலத்தில் வருகிறது. ஆப்பிளையும் பூசணியையும் வகுப்பு வாசலில் அடுக்கி வைத்திருந்தார்கள். அந்த வாரம் டீச்சர் ஒரு யோசனை சொன்னார். வெவ்வேறு நாட்டிலிருந்து வந்த பெற்றோர்கள் ஆளுக்கொரு நாள் வந்து, தங்கள் ஊர் அறுவடைப் பண்டிகை முன்பு எப்படி இருந்தது, இப்போது எப்படி மாறியிருக்கிறது என்று குழந்தைகளுக்குச் சொல்ல வேண்டும். பலகையில் ஒரு பெரிய தாள். நடுவில் ஒரு கோடு. இடப்பக்கம் 'முன்பு', வலப்பக்கம் 'இப்போது'.

அறுவடையைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? அப்பா தொழிற்சாலையில் கடைசல் பிரிவில் வேலை பார்த்தவர். நெல்லை நான் முதன்முதலில் நெருக்கத்தில் பார்த்தது யாரோ ஒருவர் கல்யாணத்தில், மரக்காலில். எங்கள் வீட்டுப் பொங்கல் என்பது கேஸ் அடுப்பில் குக்கருக்குப் பக்கத்தில் வைத்த பித்தளைப் பானை, காந்தி மார்க்கெட்டிலிருந்து அப்பா ஸ்கூட்டரில் குறுக்காக வைத்துக் கொண்டுவந்த கரும்பு, அப்புறம் நாள் முழுக்க டி.வி. அவ்வளவுதான்.

ஸ்ரீரங்கத்தில் இருக்கும் வைதேகிக்குப் போன் போட்டேன். பள்ளித் தோழி. அவளும் இப்போது ஒரு பள்ளியில் ஒன்றாம் வகுப்புக்குத்தான் டீச்சர். சின்னப் பிள்ளைகளுக்கு இதை எப்படிச் சொல்வது என்று கேட்டேன்.

"ஏண்டி, நான் மட்டும் என்ன கழனில நாத்து நட்டேனா?" என்று சிரித்தாள். "எங்க ஸ்கூல்ல வருஷா வருஷம் பண்றோம். மண்பானை இருக்கும், கீழே கேஸ் அடுப்பு. அதைச் சுத்தி கயிறு கட்டிடுவோம், கொழந்தைகள் கிட்ட வரப்படாது. போன தடவை கயிறு கட்டியும் ஒரு பொண்ணோட பட்டுப்பாவாடைல பொகை வாசனை வந்துடுத்துன்னு அவ அப்பா வந்து ஒரே சண்டை. மாட்டு வண்டி ஒண்ணு வாடகைக்கு வரும். ஏறி நின்னு போட்டோ எடுத்துண்டு எறங்கிடுவா. நீ இதையே சொல்லேன். இதுவும் மாறினதுதானே?"

அவள் வீட்டுக் கனுப் பண்டிகை எனக்கு நினைவுக்கு வந்தது. பொங்கலுக்கு மறுநாள் காலையில் காவிரிக்கரையில் அம்மா மண்டபத்துப் படித்துறைக்கு அவளோடு ஒட்டிக்கொண்டு போவேன். மஞ்சள் செடியின் இலையில் மஞ்சளும் சிவப்புமாகச் சோற்று உருண்டைகளைப் பறவைகளுக்கு வைத்து, கூடப்பிறந்தவர்கள் நன்றாக இருக்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டு, பிறகுதான் ஆற்றில் குளியல். எங்கள் வீட்டில் அந்த வழக்கம் கிடையாது. இருந்தாலும் அம்மா அனுப்பிவைப்பார். இப்போது அடுக்குமாடி வீட்டு மொட்டைமாடியில் கனுப்பிடி வைக்கிறாளாம் வைதேகி. புறாவுக்குப் பயந்து மேலே வலை போட்டிருக்கிறார்களாம். காக்கை வலைக்கு வெளியே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்குமாம்.

இதெல்லாம் தாளில் வலப்பக்கத்துக்கு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஆறு வயதுப் பிள்ளைகளுக்கு வாய் பிளக்கிற மாதிரி ஏதாவது வேண்டுமே. அப்போதுதான் என் புத்தி உப்பிலியபுரத்துக்குப் போனது. போகாமல் இருந்திருக்கலாம்.

3

உப்பிலியபுரம் என் கணவர் செந்திலின் ஊர். பச்சைமலை அடிவாரம். போன பொங்கலுக்கு நாங்கள் மூவரும் போயிருந்தோம். அவர்கள் வீட்டில் மாட்டுப் பொங்கலன்று சாயங்காலம் ஒரு வழக்கம் உண்டு. மாடுகளைக் குளிப்பாட்டி, கொம்புக்கு வர்ணம் பூசி, பொங்கல் ஊட்டியபிறகு, கொட்டகை வாசலில் கொஞ்சம் வைக்கோலைப் போட்டுக் கொளுத்துவார்கள். மாடுகள் அதைத் தாண்டி உள்ளே போக வேண்டும். திருஷ்டி கழியும், வருஷம் முழுக்க நோய்நொடி அண்டாது என்பது நம்பிக்கை.

கல்யாணமான புதிதில் நான் பார்த்தபோது ஜோடி மாடும் கறவையும் தாண்டின. அப்புறம் கறவை மட்டும். போன வருஷம் போனபோது கொட்டகையில் மாடே இல்லை. டிராக்டர் நின்றது. செந்திலின் தம்பி முருகேசன் வாங்கியது. நெருப்பு இந்த வருஷம் வேண்டாம் என்று எல்லோரும் விட்டுவிட்டபோது என் மாமனார்தான் விடவில்லை.

"மாடு இருந்தா என்ன, வண்டி இருந்தா என்ன? உழுது சோறு போடறது எதுவோ அது தாண்டட்டும்" என்றார்.

எனக்கு அது விசித்திரமாகவே படவில்லை. ஆயுத பூஜைக்கு லேத் மெஷினுக்குப் பொட்டு வைத்துக் கும்பிட்ட அப்பாவின் மகள் நான். டிராக்டர் முன்விளக்குகளுக்குச் சந்தனம் குங்குமம் வைத்தது நான்தான். மாவிலைத் தோரணம் கட்டினோம். முருகேசன் ஏறி உட்கார்ந்து, "வா தங்கம், சித்தப்பாகிட்ட" என்று கயலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். மாமனார் ஒரு கைப்பிடி வைக்கோலைக் கொளுத்தினார். டிராக்டர் அதன்மேல் ஏறிக் கொட்டகைக்குள் போனது. தெருவே கூடி நின்று சிரித்தது. நான் போனில் வீடியோ எடுத்தேன். நெருப்பு முழங்கால் உயரம்கூட இல்லை, டிராக்டர் போய்ச் சேர்வதற்குள் அணைந்தும்விட்டது.

4

வகுப்பில் நன்றாகத்தான் தொடங்கினேன். பேசவேண்டிய வாக்கியங்களை மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். வைக்கோலுக்கான சொல்லைத் தப்பாகச் சொன்னபோது பிள்ளைகள் சிரித்தார்கள். கயலின் முகம் சிவந்தது. அவள் எழுந்து சரியான சொல்லைச் சொன்னாள். தன் அம்மாவை வகுப்புக்கு மொழிபெயர்க்கும் வயதா இது என்று எனக்குச் சுருக்கென்றது. ஆனால் தாளில் இடப்பக்கம் கொம்பு தீட்டிய மாட்டையும் வலப்பக்கம் பொட்டு வைத்த டிராக்டரையும் ஒட்டியபோது எல்லாப் பிள்ளைகளும் முட்டிபோட்டு முன்னால் வந்துவிட்டார்கள். முன்பு மாடு நெருப்பைத் தாண்டியது, இப்போது டிராக்டர் தாண்டுகிறது என்றேன்.

டீச்சர் சிரித்துக்கொண்டே கேட்டார். "குழந்தைகளுக்கு இதில் ஏதாவது வேலை உண்டா?"

நான் இல்லை என்று சொல்ல வாய் திறப்பதற்குள் கயல் எழுந்தாள். "நான் டிராக்டரில் இருந்தேன். நெருப்புக்குள் போனேன். நெருப்பு என் உயரம் இருந்தது."

வகுப்பு 'ஓ' என்றது. ஒரு பையன் சுட்டதா என்று கேட்டான். கேட்க ஆள் கிடைத்தால் கதை வளரும். "நிறைய பேர் கத்தினார்கள். நானும் கத்தினேன். அம்மா சிரித்துக்கொண்டே படம் எடுத்தாள்" என்றாள்.

பிறகு எல்லோரும் 'இப்போது' என்ற தலைப்பில் படம் வரைந்தார்கள். கயலின் படத்தில் டிராக்டரின் சக்கரத்துக்கு மேலே ஆரஞ்சு நிறத்தில் கொழுந்துகள். நடுவில் வாயை வட்டமாகத் திறந்த ஒரு சின்னப் பெண். ஓரத்தில் போனோடு சிரிக்கும் நான். மற்றப் படங்களையெல்லாம் டீச்சர் சுவரில் குத்தினார். கயலின் படத்தை மட்டும் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுத் தன் கோப்பில் வைத்துக்கொண்டார்.

நுணலும் தன் வாயால் கெடும். இங்கே நுணலின் மகள் வாயாலும்.

5

செய்தி பள்ளியின் செயலியில் வந்தது. கயலைப் பற்றி ஒரு சிறிய உரையாடல், கணவரும் வரவேண்டும், குழந்தைகள் நல அலுவலகத்திலிருந்து ஒருவரும் உடன் இருப்பார், கவலைப்பட ஒன்றுமில்லை. கவலைப்பட ஒன்றுமில்லை என்று எழுதுகிறார்கள் என்றால் கவலைப்பட என்னவோ இருக்கிறது என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன்.

ஊரில் இருப்பவர்களுக்கு இந்தப் பயம் புரியுமா என்று தெரியவில்லை. பெற்றோரிடம் குழந்தைக்கு ஆபத்து என்று பட்டால் அந்த அலுவலகத்தார் குழந்தையை எடுத்துக்கொண்டு போய் வேறு வீட்டில் வளர்ப்பார்கள். அப்படிச் சட்டம். உண்மையிலேயே அடி வாங்கும் குழந்தைகளுக்கு அது தேவைதான் என்று எனக்கும் தெரியும். ஆனால் இங்குள்ள நம்மவர்கள் நாலு பேர் கூடினால் யாரோ ஒருவருக்கு நடந்ததாக ஒரு கதை வரும். யாருக்கு என்று கேட்டால் பெயர் தெரியாது. பெயர் தெரியாததால் அது எனக்கும் நடக்கலாம் என்றிருக்கும்.

செந்தில் செய்தியைத் திரும்பத் திரும்பப் படித்தார். "உனக்கு வேற எதுவும் கிடைக்கலையா சொல்றதுக்கு? கரும்பைக் காட்டிட்டு வந்திருக்கலாம்ல?"

"உங்க ஊர் வழக்கத்தைப் பெருமையாத்தாங்க சொன்னேன்."

"பெருமை! இப்ப அது நம்மளைக் கொண்டுபோய் எங்க நிறுத்தியிருக்கு பாரு."

அதற்குப் பிறகு நான் நடந்துகொண்ட விதத்தை நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. அப்போது வரவில்லை. கயலின் முழங்காலில் பழைய தழும்பு இருக்கிறதா என்று குளிக்கும்போது தேடினேன். தயிர்சாதத்தை நிறுத்திவிட்டு ரொட்டியும் வெள்ளரிக்காயும் கட்டிக் கொடுத்தேன். அவள் பாலைத் தரையில் கொட்டியபோது, கீழ்வீட்டில் கேட்டுவிடுமே என்று, "பரவாயில்லடா செல்லம்" என்று தேன் ஒழுகச் சொன்னேன். அவள் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

"அம்மா, உனக்கு உடம்பு சரியில்லையா?"

6

சுமதி அக்கா இங்கே வெகுகாலமாக இருப்பவர். கடலூர்க்காரர். எங்களுக்கு வீடு பார்த்துக் கொடுத்ததே அவர்தான். விஷயத்தைக் கேட்டதும் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"முதல்ல அந்த வீடியோவை அழிச்சிடு. அப்படி ஒண்ணு நடக்கவே இல்லைன்னு சொல்லிடுங்க. நெருப்பு தனியா எரிஞ்சுது, வண்டி தனியா நின்னுச்சு, புள்ள ரெண்டையும் சேர்த்துக் கற்பனை பண்ணிடுச்சு. ஆறு வயசுப் புள்ள சொல்றதை யாரும் பிடிச்சுக்க மாட்டாங்க."

செந்திலுக்கு அது சரியாகப் பட்டது. எனக்கும்தான், உண்மையைச் சொன்னால். போனைக் கையில் எடுத்துவிட்டேன். ஆனால் அழித்தபிறகு அந்த அறையில் என்ன நடக்கும் என்று யோசித்தேன். கயல் நடந்ததைச் சொல்வாள். நாங்கள் இரண்டு பேரும் இல்லை என்போம். அப்போது அவள் எங்கள் முகத்தைப் பார்ப்பாளே, அதற்கு நான் என்ன செய்வது?

அழிப்பதற்கு முன்னால் ஒருமுறை பார்க்கலாம் என்று போட்டேன். பார்த்தது தப்பாகிவிட்டது. இத்தனை நாளும் அதைச் சத்தமில்லாமல்தான் பார்த்திருக்கிறேன், மற்றவர்களுக்கும் காட்டியிருக்கிறேன். அன்று சத்தத்தோடு கேட்டேன். டிராக்டர் நகரும்போது வீல் என்று ஒரு குரல். என் நினைவில் அது சிரிப்பு. போனில் கேட்டபோது சிரிப்பாகவும் இருந்தது, அலறலாகவும் இருந்தது. திரும்பப் போட்டால் அலறல். இன்னொருமுறை போட்டால் சிரிப்பு. என் குழந்தை அன்றைக்குச் சந்தோஷமாக இருந்தாளா, நடுங்கினாளா? பெற்ற எனக்கே தெரியவில்லை. அலுவலகத்தாரைப் பற்றிய பயம் ஒரு பக்கம் போய், இது வந்து உட்கார்ந்துகொண்டது. அவளிடமே கேட்டிருக்கலாம். பதிலுக்குப் பயந்து கேட்கவில்லை.

வைதேகியிடம் மட்டும் அழுதேன்.

"அசடு, எதுக்குடி அழறே? பெருமாள் பாத்துப்பார்" என்றாள் முதலில். பிறகு டீச்சர் குரலுக்கு மாறினாள். "ஆனா பொய் மட்டும் சொல்லாதே. கொழந்தை சொன்னதைப் பொய்யாக்கிட்டேன்னா, அவா அழைச்சுண்டு போக வேண்டாம், அவளே உன்னைவிட்டுப் போயிடுவா. நான் தெனம் கொழந்தைகளைப் பாக்கறவ, சொல்றேன் கேளு."

வீடியோவை அழிக்கவில்லை.

7

பள்ளிக்கூடத்தின் அந்தச் சின்ன அறையில் மேஜைமேல் மெழுகுவர்த்தி ஒன்று எரிந்துகொண்டிருந்தது. இந்த ஊரில் பேச உட்கார்ந்தால் ஏற்றுவார்கள். அலுவலகத்திலிருந்து வந்திருந்த பெண்மணிக்கு என் வயதுதான் இருக்கும், கம்பளி உடை. எங்களிடம் பேசுவதற்கு முன்னால் கயலைப் பக்கத்து அறைக்கு அழைத்துக்கொண்டு போனார். கதவு மூடியது. செந்திலின் கால் மேஜைக்கடியில் ஆடிக்கொண்டே இருந்தது. அந்தக் கதவு திறந்து அந்தப் பெண்மணி மட்டும் தனியாக வந்தால் என்ன செய்வது என்ற ஒரே நினைப்புதான் எனக்கு.

அவர் தனியாகத்தான் வந்தார். கயல் அங்கே ஒரு பொம்மை வீட்டோடு விளையாடுகிறாள் என்றார். டீச்சர் கொடுத்திருந்த கோப்பிலிருந்து அந்தப் படத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

செந்தில் தொண்டையைச் செருமினார். அவர் என்ன சொல்லப் போகிறார் என்று எனக்குத் தெரியும். அவர் பேசுவதற்குள் நான் போனை எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டேன்.

பெண்மணி வீடியோவைப் பார்த்தார். மறுபடியும் பார்த்தார். நெருப்பைக் காட்டி எவ்வளவு நேரம் எரிந்தது என்று கேட்டார். டிராக்டர் ஓட்டுபவர் யார் என்று கேட்டார். மாடு, திருஷ்டி, மாமனார் எல்லாவற்றையும் எனக்குத் தெரிந்த அரைகுறை மொழியில் சொன்னேன். எதற்காக டிராக்டரை நெருப்பின்மேல் ஓட்ட வேண்டும் என்று அவர் கேட்டபோது, எங்கள் வீட்டில் இருக்கிற எதற்கும் எதுவும் ஆகிவிடக் கூடாது என்பதற்காக என்றேன்.

"அவள் பயந்தாளா?" என்று கேட்டார்.

இல்லை என்ற சொல் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. "தெரியவில்லை" என்றேன். "பயந்திருப்பாள் என்று நினைக்கிறேன். நான் சிரித்துக்கொண்டிருந்ததால் கவனிக்கவில்லை."

செந்தில் என்னைத் திரும்பிப் பார்த்தார். முடிந்தது என்று அவர் முகத்தில் எழுதியிருந்தது.

பெண்மணி படத்தைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டார். "கயலும் அதைத்தான் சொன்னாள். பயமாக இருந்ததாம். சித்தப்பா இறுக்கிப் பிடித்திருந்தாராம். மறுபடியும் எப்போது போவோம் என்று அம்மாவிடம் கேட்டால் அம்மா பதில் சொல்வதில்லையாம்." பிறகு, அடுத்த முறை குழந்தையை டிராக்டரில் ஏற்ற வேண்டாம், கீழே நின்று பார்க்கட்டும் என்றார். இதற்கு மேல் எதுவும் தேவையில்லை என்று தாங்கள் கருதுவதாகச் சொன்னார். எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

காரில் ஏறியதும் செந்தில் பெல்ட்டை மாட்டிக்கொண்டார். பிறகு பின்சீட்டைத் திரும்பிப் பார்த்து, கோபமே இல்லாமல், மிக மெதுவாகத்தான் சொன்னார்.

"கயல்குட்டி, இனிமே வீட்ல நடக்கறதை ஸ்கூல்ல சொல்ல வேண்டாம். சரியா?"

"சரிப்பா" என்றாள். நானும் சும்மா இருந்தேன். அன்றைக்கு என் குழந்தை என்னோடு காரில் வந்துகொண்டிருந்தாள், எனக்கு அது போதும் என்றிருந்தது.

8

சொன்ன சொல்லைக் கேட்கும் பிள்ளை அவள். மறுநாள் தலைக்கு எண்ணெய் வைக்கும்போது கேட்டாள். "அம்மா, எண்ணெய் வெச்சதை ஸ்கூல்ல சொல்லலாமா?" சொல்லலாம் என்றேன். கையால் சாப்பிட்டபோது கேட்டாள். காய்ச்சலுக்கு மிளகு ரசம் கொடுத்தபோது கேட்டாள். திருநீறு வைத்தால் பள்ளிக்குக் கிளம்புமுன் தானே அழித்துக்கொண்டாள். உப்பிலியபுரத்திலிருந்து சித்தப்பா வீடியோ காலில் வந்து, "என்ன தங்கம், டிராக்டர் ஓட்ட எப்ப வர்ற?" என்று கேட்டபோது, திரும்பி என் முகத்தைப் பார்த்துவிட்டு, "தெரியல" என்றாள்.

எல்லாம் சொல்லலாம், எதுவும் தப்பில்லை என்று உட்காரவைத்துச் சொல்லிப் பார்த்தேன். தலையை ஆட்டினாள். பிள்ளைகளுக்கு நாம் உட்காரவைத்துச் சொல்வது ஏறுவதில்லை. நம் முகத்தில் ஓடுவதுதான் ஏறுகிறது.

பொங்கல் இங்கே வேலைநாளில் வந்தது. விடியவே இல்லை, இந்த மாதத்தில் இங்கே காலை அப்படித்தான். எவர்சில்வர் பாத்திரத்துக்கு மஞ்சள் கட்டி மின்சார அடுப்பில் வைத்தேன். கயல் பள்ளி உடையோடு முக்காலியில் ஏறி நின்றாள். செந்தில் தூபத்தை ஜன்னலோரம் வைத்துவிட்டு, புகையறியும் கருவியின் மணி அடித்துவிடுமோ என்று கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பால் விளிம்புக்கு வந்தது. போன வருஷம் உப்பிலியபுரத்தில் இந்த நேரத்துக்குத் தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தியவள் அவள்.

"கத்துடா" என்றேன்.

கயல் சுவரைப் பார்த்தாள். அந்தப் பக்கம் அடுத்த வீட்டுக்காரர்கள். தரையைப் பார்த்தாள். பால் பொங்கி வழிந்து அடுப்பில் சுறுசுறுத்தது. அவள் முக்காலியிலிருந்து குனிந்து, என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, காதுக்குள் ரகசியமாகச் சொன்னாள்.

"பொங்கலோ பொங்கல்."

நான் அவளை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். உரக்கச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வெளியே வந்தது அவள் குரலளவுக்குத்தான் இருந்தது.